கண்ணுக்கு வராத கணக்கு: முரண்புதிர்கள் வழியே திறனாய்வுச் சிந்தனை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற பழமொழியைப் பஞ்சாயத்துப் பேச்சிலும் பட்டிமன்ற மேடையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தீர விசாரிப்பது என்றால் சரியாக என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தடுமாறும். இன்னும் சிலரிடம் சாட்சிகளைக் கேட்பதா, இணையத்தில் தேடுவதா, யாரையும் நம்பாமல் இருப்பதா? திறனாய்வுச் சிந்தனை என்று பாடநூல்களும் பயிற்சி வகுப்புகளும் இன்று ஓயாமல் பேசுவது இந்தத் தீர விசாரித்தலைத்தான். அதை எப்படிச் செய்வது என்பதைச் சில முரண்புதிர்களையும், அவற்றை ஒட்டி உளவியலாளர்கள் செய்த சில சோதனைகளையும் கொண்டு விளக்க முயல்கிறேன். கணக்கு வரும், ஆனால் கூட்டல், பெருக்கல், வகுத்தலைத் தாண்டாது.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

விமர்சனம் என்ற சொல் தமிழில் குறை கூறுதல் என்ற பொருளில் ஊறிப்போய்விட்டதால், விமர்சனச் சிந்தனை என்றதும் எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பவர் ஒருவர் நம் கண்முன் வந்து நிற்கிறார். பகுத்தறிவு என்ற நல்ல சொல் இருக்கிறதே என்றால், தமிழ்நாட்டு வரலாற்றில் அது கடவுள் மறுப்போடு நெருங்கிப் பிணைந்துவிட்டது. அந்த விவாதம் இந்தக் கட்டுரைக்கு வெளியே இருப்பது. எல்லாவற்றையும் சந்தேகிப்பதே திறனாய்வு என்று நினைப்பவர்களும் உண்டு. எதையும் நம்பாதவருக்கு எல்லாவற்றையும் நம்புகிறவரைப் போலவே யோசிக்கும் வேலை மிச்சம் என்பதைத்தான் அவர்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

திறனாய்வுச் சிந்தனையை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: செய்தியோ, எண்ணோ, சொந்த அனுபவமோ எதுவானாலும், அது நம்மிடம் எந்த வழியாக வந்து சேர்ந்தது, வரும் வழியில் எது விடுபட்டது என்று கேட்டுப் பார்த்து, அதன் பிறகு அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று முடிவு செய்யும் பழக்கம்.

மாவு சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சல்லடையின் மேலே நிற்பது முழுக்கக் குருணை. அதை மட்டும் பார்த்த ஒருவர், "மாவு முழுவதும் குருணையாக அரைத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது மெய்தான். கீழே விழுந்த மாவு அவர் கண்ணுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பழமொழியோடு எனக்குள்ள சிறு கருத்து வேறுபாடும் இதுவே. கண்ணால் காண்பது பெரும்பாலும் மெய்யாகவே இருக்கிறது; கண்ணுக்கு வராமல் போனதை விசாரிக்காமல் விடுவதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

முரண்புதிர் எதற்கு உதவும்?

முரண்புதிர் என்பது, யாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய செய்திகளில் தொடங்கி, பிழையில்லாத வழியில் நடந்தும், நம்பவே முடியாத ஒரு முடிவில் நம்மைக் கொண்டு நிறுத்தும் கூற்று. இதில் இரண்டு வகையைப் பிரித்துக்கொண்டால் போதும். "இந்த வாக்கியம் பொய்" என்ற வாக்கியம் மெய்யா பொய்யா என்று கேட்பது ஒரு வகை. மெய் என்றால் பொய்யாகிறது, பொய் என்றால் மெய்யாகிறது. அதைத் தருக்கவியலாரிடமே விட்டுவிடலாம். மற்றொரு வகையில் முடிவு வியப்பாக இருந்தாலும் முற்றிலும் சரியாக இருக்கும். தவறு நம் எதிர்பார்ப்பில் இருக்கும். அன்றாட வாழ்வுக்கு உதவுவது இந்த இரண்டாவது வகை.

உதவுவதற்குக் காரணம் எளியது. குடும்பச் சொத்துத் தகராறிலோ தேர்தல் நேரத்து வாக்குவாதத்திலோ நம் கருத்து தவறு என்று ஒப்புக்கொண்டால் மானம் போய்விடும் என்று தோன்றும். பேருந்து வரும் நேரத்தைப் பற்றிய கணக்கில் தோற்றால் யாருடைய மானமும் போவதில்லை. ஆகவே மனம் எந்த இடத்தில் வழுக்குகிறது என்பதை அங்கே பதற்றமில்லாமல் பார்க்க முடிகிறது.

பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து

நிறுத்தத்தில் நிற்பவருக்குப் பேருந்து எப்போதும் தாமதமாகவே வருகிறது. நேரக்காப்பாளரைக் கேட்டால், "சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி போகிறது, ஏட்டைப் பாருங்கள்" என்பார். சராசரி இடைவெளி பத்து நிமிடம் என்றால், ஏதோ ஒரு நேரத்தில் போய் நிற்பவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அனுபவமோ அதைவிட மிகுதி என்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்வதாகத்தான் நினைப்போம்.

இருவருமே உண்மை சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு பேருந்துகள் வருகின்றன. ஆனால் அவை 5 நிமிடம், 15 நிமிடம், மறுபடியும் 5, மறுபடியும் 15 என்ற இடைவெளியில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி பத்து நிமிடமேதான், ஏடு சரி. இப்போது நிமிடத்துக்கு ஒருவராக 60 பேர் நிறுத்தத்துக்கு வருகிறார்கள். நீண்ட இடைவெளிகள் மூன்றும் சேர்ந்து 45 நிமிடம். ஆகவே 45 பேர் அவற்றில்தான் வந்து விழுகிறார்கள், அவர்கள் காத்திருப்பது சராசரியாக ஏழரை நிமிடம். குறுகிய இடைவெளிகளில் வருபவர்கள் 15 பேர் மட்டுமே. அவர்களுக்கு இரண்டரை நிமிடம். 60 பேருக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஆறே கால் நிமிடம் வரும். இடைவெளிகள் 2 நிமிடமும் 18 நிமிடமுமாக மாறி மாறி வந்தால் அந்தச் சராசரி 8.2 நிமிடமாக ஏறும். ஏட்டில் உள்ள பத்து நிமிடமோ அசையாமல் அப்படியே நிற்கும்.

சல்லடை எங்கே என்று இப்போது தெரிகிறது. நேரக்காப்பாளர் இடைவெளிகளை எண்ணுகிறார். அவருக்கு நீண்டதும் ஒன்று, குறுகியதும் ஒன்று. பயணிகளோ நேரத்தின் மீது விழுகிறார்கள். நீண்ட இடைவெளி பெரிய வலை போலப் பலரைப் பிடிக்கிறது, குறுகியது சிலரைத்தான் பிடிக்கிறது. பேருந்துகள் இப்படி ஒட்டி ஒட்டி வருவதற்கும் காரணம் உண்டு. சற்றே தாமதித்த வண்டிக்கு அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்க நேரமாகி இன்னும் தாமதிக்கும். பின்னால் வரும் வண்டிக்கு ஏற ஆளில்லை. அது விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். "வந்தால் சேர்ந்தாற்போல் இரண்டு வருகிறது" என்று நிறுத்தத்தில் நிற்பவர்கள் புலம்புவது வெறும் புலம்பல் அல்ல.

வகுப்பறையும் நண்பர்களும்

இதே கணக்கு பள்ளியிலும் நடக்கிறது. ஒரு வகுப்புக்கு இரண்டு பிரிவுகள். ஒன்றில் 20 மாணவர்கள், மற்றதில் 60 மாணவர்கள். சராசரியாக ஒரு பிரிவில் 40 பேர் என்று தலைமையாசிரியர் சொல்வது சரி. மாணவர் 80 பேரிடமும் "உன் பிரிவில் எத்தனை பேர்?" என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 50 வரும், ஏனெனில் நெரிசலான பிரிவைப் பற்றிப் பேச 60 வாய்கள் இருக்கின்றன.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதையே நட்புக்குப் பொருத்திக் காட்டினார். பெரும்பாலோருக்குத் தம் நண்பர்களைவிட நண்பர்கள் குறைவு என்பது அதன் சாரம். நால்வரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மற்ற மூவரும் நண்பர்கள். அந்த மூவருக்கோ அந்த ஒருவர் மட்டுமே நண்பர். ஆளுக்குச் சராசரி ஒன்றரை நண்பர். இனி, ஒவ்வொருவரும் தம் நண்பர்களைச் சுட்டி, அந்த நண்பருக்கு எத்தனை நண்பர்கள் என்று எழுதட்டும். மூன்று பேர் "மூன்று" என்று எழுதுவார்கள். நடுவில் உள்ளவர் தம் மூவருக்கும் "ஒன்று" என்று மூன்று முறை எழுதுவார். ஆறு பதிவுகளின் கூட்டுத்தொகை 12, சராசரி இரண்டு. நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேரின் பட்டியலில் வந்துவிடுகிறார், அதுதான் விஷயம்.

நமக்கு மட்டும் விழா இல்லை, வெளியூர்ப் பயணம் இல்லை, எல்லாரும் ஏதோ கொண்டாட்டத்தில் இருக்கிறார்கள் என்று கைப்பேசியைப் பார்த்து ஏங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். அடிக்கடி படம் போடுகிறவரே அடிக்கடி கண்ணில் படுகிறார். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும் நூறு பேர் படம் போடுவதில்லை.

இதை நல்ல வேலைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவிய காலத்தில், நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவர்கள் பெயர் சொன்ன நண்பர்களையும் சேர்த்துக் கவனித்தார்கள். நண்பர்களாகச் சுட்டப்பட்ட குழுவில் காய்ச்சல் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகவே பரவியது. பலரோடு பழகுகிறவருக்கு எதுவும் முதலில் வந்து சேரும், காய்ச்சல் உட்பட.

சற்று நின்று பார்த்தால், பேருந்து, வகுப்பறை, நண்பர்கள் மூன்றிலும் யாரும் பொய் சொல்லவில்லை. எதை எண்ணுவது என்பது மாறும்போது சராசரி மாறுகிறது. நம் கண்ணுக்கு வருவது எல்லாவற்றிலிருந்தும் சமமாக எடுத்த மாதிரியாக இல்லாமல், ஏதோ ஒரு வழியில் வடிகட்டப்பட்டு வருவதைத் தெரிவுச் சாய்வு என்பார்கள். சாய்வு என்பது ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப விழும் பிழை.

திரும்பி வராத விமானங்கள்

தெரிவுச் சாய்வில் தனிப்பெயர் பெற்ற ஒரு வகை உண்டு: பிழைத்தோர் சாய்வு. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்து முழுமையைப் பற்றி முடிவு செய்வது அது. இதை விளக்க ஆபிரகாம் வால்டு என்ற கணிதவியலாளரின் கதையைச் சொல்லாதவர்கள் இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரியில் 1902-இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் வேலை செய்தார். குண்டடி பட்டுத் திரும்பும் போர் விமானங்களில் எந்தப் பகுதி எவ்வளவு ஆபத்தானது என்று கணிப்பது அவருக்குக் கிடைத்த சிக்கல்களில் ஒன்று.

திரும்பி வந்த விமானங்களில் உடற்பகுதியில் நிறைய ஓட்டைகள், எஞ்சின் பகுதியில் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டை மிகுந்த இடத்தில் கவசம் போடலாம் என்பதே யாருக்கும் முதலில் தோன்றும். எதிரியின் குண்டு எல்லாப் பகுதியிலும் பரவலாகப் படுகிறது என்று எடுத்துக்கொண்டால், எஞ்சினில் அடிபட்ட விமானங்கள் எங்கே போயின? அவை திரும்பி வரவில்லை. ஆகவே வந்தவற்றில் ஓட்டை குறைந்த இடமே கவசம் வேண்டிய இடம். வால்டு 1943-இல் எழுதிய குறிப்புகள், திரும்பாத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்பதைத் திரும்பியவற்றைக் கொண்டு கணிக்கும் முறையை வகுத்துத் தந்தன.

இந்தக் கதையையும் இதே கேள்வியால் சலித்துப் பார்ப்பது நல்லது. சிவப்புப் புள்ளிகள் குத்திய விமானப் படம் ஒன்று இணையமெங்கும் சுற்றுகிறதே, அது வால்டு வரைந்தது அல்ல. விளக்கத்துக்காகப் பிற்காலத்தில் உருவாக்கியது. தளபதிகளை ஒரே வாக்கியத்தில் அவர் வாயடைத்த காட்சியும் கதைசொல்லிகள் சேர்த்த மெருகுதான். குறிப்புகளில் இருப்பது பொறுமையான நெடிய கணக்கு. நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்றும் உண்டு. விரிவுரைப் பயணமாக இந்தியா வந்த வால்டு, 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரியில் கோத்தகிரிப் பகுதி மலையில் விமானம் மோதியதில் மனைவியோடு இறந்துபோனார். திரும்பாத விமானங்களைப் பற்றிக் கணக்குப் போட்டவரின் முடிவு நம் மலையில் நிகழ்ந்தது.

வீட்டுக்கு வருவோம். "பாட்டி கல்யாணத்துக்கு வாங்கிய மின்விசிறி இன்னும் ஓடுகிறது, அந்தக் காலத்துச் சாமானே சாமான்" என்று சொல்லாத வீடு இல்லை. அதே ஆண்டில் வாங்கிப் பத்தே ஆண்டில் எரிந்துபோன மின்விசிறிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகி வேறு ஏதோவாகிவிட்டன. அவை வந்து சாட்சி சொல்ல முடியாது. சுருட்டுப் பிடித்தே 90 வயது வாழ்ந்த தாத்தாவைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் சாலையோரம் வைக்கும் விளம்பரப் பலகையில் 40 முகங்கள் சிரிக்கின்றன. பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்றே: சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? 50 பேரில் 40 என்றால் அது வேறு, 4,000 பேரில் 40 என்றால் அது வேறு. பலகையில் அந்த எண்ணுக்கு மட்டும் எப்போதும் இடம் போதாமல் போய்விடுகிறது.

நோய் இருக்கிறது என்று சொல்லும் சோதனை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நேரடியாக உயிர் சம்பந்தப்பட்டது இது.

நூற்றில் ஒருவருக்கு உள்ள ஒரு நோய். அதைக் கண்டறியும் சோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத் தவறுதலாக நோய் உண்டு என்று காட்டும். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் பொதுப் பரிசோதனைக்குப் போகிறார். நோய் உண்டு என்று முடிவு வருகிறது. அவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 90 சதவீதம் என்றே நாக்கு நுனியில் வரும்.

சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாக எண்ணுவோம். 1,000 பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் 10 பேருக்கு நோய். சோதனை 9 பேரைப் பிடித்துவிடுகிறது. மீதி 990 பேருக்கு நோயில்லை. ஆனால் அவர்களில் 9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 89 பேருக்கு, நோய் உண்டு என்று தவறாக வருகிறது. ஆக, கையில் அந்தத் தாளோடு கலங்கி நிற்பவர்கள் மொத்தம் 98 பேர்; உண்மையில் நோய் உள்ளவர்கள் 9 பேர். பதினொருவரில் ஒருவர் என்று சொல்லலாம். நோய் இல்லாதவருக்கு உண்டு என்று வரும் முடிவைப் போலி நேர்முடிவு என்பர். சோதனைக்கு முன்பே அந்த நோய் மக்களில் எத்தனை பேருக்கு உள்ளது என்ற எண்ணை அடிப்படை விகிதம் என்பர். நாம் மறந்தது அந்த அடிப்படை விகிதத்தை.

மருத்துவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையை வைத்து இதே எண்களில் அமைந்த கேள்வியை ஒரு பயிற்சியில் 160 மகளிர் நோய் மருத்துவர்களிடம் கேட்டார். சரியான விடையைத் தேர்ந்தவர்கள் 21 சதவீதம்தான். சதவீதங்களை இப்படி ஆயிரம் பேர் கணக்காக மாற்றிப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகு அது 87 சதவீதமாக உயர்ந்தது. அவர்கள் திடீரென்று அறிவாளிகளாகிவிடவில்லை. கண்ணுக்கு வராத 990 பேர் கண்ணுக்கு வந்துவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுச் சோதனை முடிவைத் தூக்கி எறிய வேண்டாம். முன்பு நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு பதினொன்றில் ஒன்றாக உயர்ந்திருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போக அது போதுமான காரணம். அறிகுறிகளோடு போகிறவருக்கு அடிப்படை விகிதமே வேறு, ஆகவே விடையும் வேறு.

விமானத்திலும் சோதனைத் தாளிலும் நடந்தது ஒன்றுதான்: வந்து நின்றதைப் பார்த்தோம், வராததை எண்ணவில்லை. விமானத்தில் வராதவை விழுந்துபோனவை; சோதனையில் நம் கணக்குக்குள் வராமல் நின்றவர்கள் நோயற்ற பெருங்கூட்டம்.

மனம் ஏன் இப்படிச் செய்கிறது?

மனத்துக்கு இதில் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. கையில் கிடைத்ததை வைத்துச் சமைக்கும் பழக்கம் அதற்கு. உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் காட்டியபடி, ஒன்று எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று கேட்டால், அதற்கு எத்தனை எடுத்துக்காட்டுகள் எவ்வளவு எளிதில் நினைவுக்கு வருகின்றன என்பதை வைத்தே நாம் பதில் சொல்கிறோம். திரும்பி வந்த விமானம் நினைவுக்கு வரும். கடலில் விழுந்தது வராது.

இதைவிடச் சுவையான காரணம் ஒன்றை இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் ஒரு சோதனை வழியே வெளியிட்டார். அந்தச் சோதனையை அக்கா மகளிடம் நான் செய்து பார்த்தது வைகை எக்ஸ்பிரஸில், திண்டுக்கல் தாண்டிய பிறகு. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் நான் மனத்தில் வைத்திருக்கும் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீயும் மூன்று மூன்று எண்ணாகச் சொல், பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன், விதி என்னவென்று கண்டுபிடி என்றேன்.

"8, 10, 12."

"பொருந்துகிறது."

"20, 22, 24. அப்புறம் 100, 102, 104."

"இரண்டும் பொருந்துகின்றன."

"ரெண்டு ரெண்டா கூடணும். அவ்வளவுதானே மாமா?"

இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. 3, 6, 9 சொல்லிப் பார்த்தாள், பொருந்தியது. ஒரே அளவில் கூட வேண்டும் என்றாள், அதுவும் இல்லை. மணப்பாறையில் முறுக்கு வாங்கும் வரை பேசவில்லை. பிறகு, வம்புக்குச் சொல்வது போல, "12, 10, 8" என்றாள். பொருந்தவில்லை என்றேன். அடுத்து "1, 2, 50" என்றாள், பொருந்தியது. "ஏறு வரிசையில இருந்தா போதும்! இவ்வளவுதானா!" என்று பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

விதி அதுதான்: ஏறு வரிசை. வேசனின் சோதனையில் 29 பேரில் 6 பேரே முதல் முயற்சியில் அதைச் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் செய்த தவறு நம் எல்லாருக்கும் பழக்கமானது. தம் எண்ணத்துக்கு "ஆம்" என்று வரக்கூடிய கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை உறுதிப்படுத்தும் சாய்வு என்கிறோம்: நாம் ஏற்கெனவே நம்புவதற்குச் சான்று தேடுவது, மறுப்பதைத் தேடாமல் விடுவது. மூன்று முறை "பொருந்துகிறது" என்று வந்ததில் அவள் கற்றது எதுவுமில்லை. ஒரே ஒரு "பொருந்தவில்லை" கதவைத் திறந்துவிட்டது. முன்பு பார்த்த சல்லடைகள் வெளியில் இருந்தன. இந்தச் சல்லடையை நாமே கையில் பிடித்திருக்கிறோம்.

யாரும் விரும்பாத பயணம்

வீட்டில் நடக்கும் ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். மேலாண்மைப் பேராசிரியர் ஜெர்ரி ஹார்வி 1974-இல் எழுதியது: டெக்சாஸில் கொளுத்தும் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத காரில் 53 மைல் தொலைவிலுள்ள அபிலீனுக்கு ஒரு குடும்பம் சாப்பிடப் போய்த் திரும்புகிறது. திரும்பி வந்து பேசினால், ஒருவருக்கும் போக விருப்பமில்லை. மற்றவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தே ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு அபிலீன் வரை போக வேண்டாம். மண்டப வாடகையிலிருந்து பந்தியில் எத்தனை இனிப்பு என்பது வரை இப்படியே முடிவாகின்றன. தலையசைப்பு கண்ணுக்கு வருகிறது, மனத்தில் உள்ளது வருவதில்லை. "வேண்டாம் என்று சொல்ல யாருக்காவது காரணம் இருக்கிறதா?" என்று கேட்டால் பல பயணங்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

காக்கையும் பனம்பழமும்

இவற்றை அன்றாடம் கைக்கொள்ள நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தற்செயலைச் சுட்டச் சொல்வோம். அந்தக் கதையை நான்கு கட்டமாக விரித்துப் பாருங்கள். காக்கை உட்கார்ந்தது, பழம் விழுந்தது. காக்கை உட்கார்ந்தது, பழம் விழவில்லை. காக்கை உட்காரவில்லை, பழம் விழுந்தது. காக்கையும் உட்காரவில்லை, பழமும் விழவில்லை. முதல் கட்டம் மட்டுமே கதையாகி ஊரைச் சுற்றுகிறது. மற்ற மூன்றையும் யாரும் பேசுவதில்லை; ஆனால் காக்கைக்கும் பழத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை நான்கையும் சேர்த்து எண்ணினால்தான் சொல்ல முடியும்.

கைப்பேசிக்கு வரும் ஒரு மருத்துவக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். "இந்தக் கஷாயத்தைக் குடித்தேன், ஐந்தே நாளில் சளி போய்விட்டது." குடித்தும் போகாதவர் அதைச் செய்தியாக அனுப்ப மாட்டார். குடிக்காமலேயே ஒரு வாரத்தில் சரியானவருக்கு அது செய்தி என்றே தோன்றாது. சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்குவது. அனுப்பியவர் மெய்யே சொல்கிறார், கஷாயமும் உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். அந்தச் செய்தியிலிருந்து மட்டும் அதை அறிய வழியில்லை. இவ்வளவு சொன்னால் போதும். அனுப்பிய சித்தப்பாவோடு சண்டை போட வேண்டியதில்லை.

பிறரிடம் இந்தச் சாய்வுகளைக் கண்டுபிடிப்பது இனிப்பான வேலை. எமிலி ப்ரோனின் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய சாய்வுகள் தம்மைவிடப் பிறரிடமே மிகுதி என்று மக்கள் மதிப்பிடுவதைக் கண்டார்கள். அதை நானும் படித்திருக்கிறேன். படித்திருந்தும் அன்று ரயிலில், விழுப்புரம் நெருங்கும் நேரத்தில், தேநீர் குடித்தபடி அக்கா மகளிடம், "கவலைப்படாதே, இந்த விளையாட்டில் முதல் தடவை எல்லாருமே தோற்பார்கள், நான் கேட்ட ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

அவள் முறுக்குப் பையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "மொத்தம் எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க மாமா? உடனே சரியாச் சொல்லிட்டவங்களை நீங்க மறந்திருக்க மாட்டீங்களா?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர் நினைவுக்கு வந்தார்கள். நால்வரும் தோற்றவர்கள். அதற்கு மேல் எத்தனை பேரிடம் கேட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.